தொட்டுப் பார்த்தவர்

"சாப்பிட்டாயா?" என்று அந்த அம்மா யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் காலையில் பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட நாலு பேர் கேட்கிற கேள்வி அது. அவர் மட்டும் கேட்கமாட்டார். நான் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது பின்வாசலில் நின்றிருப்பார். ஹேண்டிலில் தொங்குகிற டிபன் கேரியரை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். எடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

"பாதி அப்படியே இருக்குது. கொழம்பு புடிக்கலையா, ஒடம்பு செரியில்லையா?"

"ரெண்டும் இல்லங்கம்மா. பெல்ட்டு நின்னுபோச்சு. சாப்புட நேரம் கெடைக்கல."

"அப்ப ராத்திரிக்கு ரெண்டு தோசை சேத்து வெக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நான் அப்போது சுரங்கத்தில், நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட் பகுதியில் அப்ரண்டீஸ். சொந்த ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். ஷிப்ட் நேரத்துக்கு பஸ் ஒத்துவரவில்லை என்று அவர்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் தங்கியிருந்தேன். சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். அப்படி ஆள் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. அந்த அம்மாவின் கணவர், நான் சார் என்று கூப்பிடுகிறவர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாராச்சும் கேட்டா எங்க அக்கா பையன்னு சொல்லிரு." எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டிப்ளமோ முடித்து டவுன்ஷிப்பில் குடியிருக்கிறேன் என்பதே எங்கப்பாவுக்குப் பெரிய விஷயம். அக்கா பையனாக இருப்பதில் எனக்கொன்றும் சிரமமில்லை.

பிளாக்கில் அந்த அம்மாவுக்கு "செக்போஸ்ட்" என்று பெயர். வைத்தது எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சர்.

"மைன்ஸ் கேட்டுல பையத்தான் தொறந்து பாப்பாங்க. எங்க செக்போஸ்ட்டு வயித்தையே தொறந்து பாத்துரும்."

டீச்சர் சும்மா சொல்லவில்லை. அவருடைய பேத்தி ஒரு நாள் இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டிக்கொண்டே விளையாட ஓடிவந்தாள். அந்த அம்மா அவளைப் பிடித்து நிறுத்தினார். ஒரே ஒரு விரல், கன்னத்தில். இட்லி வெளியே வந்து விழுந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை.

"கேட்டா எல்லாரும் சாப்புட்டேன்னுதான் சொல்லும் டீச்சர். சாப்புடாததுக அவசரமாச் சொல்லும். தொட்டுப் பாக்கோணும்."

அந்த அம்மா நாமக்கல்காரர். கட்டிக்கொண்டு வந்து முப்பது வருஷம் டவுன்ஷிப்பில் இருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. கோழி வளர்க்கிற கையும் போகவில்லை. பின்பக்கம் பலாமரத்தடியில் வலை அடித்து ஒரு கொட்டகை இருந்தது. கீரியும் நாயும் உண்டு என்பதால் கோழிகளை வெளியே விடமாட்டார். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வலைக்குள் போய்க் குந்திக்கொண்டு ஒவ்வொரு குஞ்சாகப் பிடிப்பார். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலது பக்கம் இரைப்பை இருக்கிறது. தின்ற தீனி முதலில் போய்த் தங்குகிற இடம். வயிறாரத் தின்ற குஞ்சுக்கு அது கோலிக்குண்டு மாதிரி திரண்டிருக்கும். தின்னாத குஞ்சுக்குத் தோல்தான் கையில் வரும். இரண்டு விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிறைந்திருப்பதை இந்தப் பக்கம் விடுவார், நிறையாததை மடியில் வைத்துக்கொள்வார். மடியில் இருப்பதற்குத் தனியாகத் தீனி நடக்கும்.

"தட்டுதான் காலியாயிருச்சேம்மா, எல்லாம் தின்னுட்டு இருக்கும்" என்று ஒரு நாள் நான் சொன்னேன்.

"தட்டு காலின்னா யாரோ தின்னிருக்குதுன்னு அர்த்தம் தம்பி. எல்லாரும் தின்னிருக்குதுன்னு அர்த்தமில்ல."

அந்த ஒன்பது குஞ்சுகள் மகளுக்காக. ஒரே மகள். திருப்பூர்ப் பக்கம், வீட்டோடு பனியன் தையல் நடத்துகிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். உண்டாகியிருக்கிறாள் என்று மூன்றாம் மாதத்தில் போன் வந்த அன்றே பதினோரு முட்டையை அடையில் வைத்துவிட்டார். பிரசவம் ஆகி மகள் இங்கே இருக்கும்போது விடலைக் கோழி அடித்துச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும், கடையில் வாங்கினால் அது என்ன தின்று வளர்ந்ததோ தெரியாது என்பது அவர் கணக்கு. ஒன்பது பொரித்தன. அதில் ஒன்றுக்கு நடுவிரல் கோணல். அது எப்போதும் தட்டுக்கு வெளியேதான் நிற்கும். மடிக் குஞ்சுகளில் அது நிரந்தரம்.

மகளிடமும் அவர் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். சாயங்காலம் வலைக்குள் குந்தியபடியே வீடியோ கால் போடுவார். போனை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுவார், கையில் குஞ்சு இருக்கும்.

"வளையலை மேல தள்ளு."

"அம்மா, சும்மா இரு. மாமியெல்லாம் இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டும். தள்ளு கண்ணு, பாக்கலாம்."

மகள் சிரித்துக்கொண்டே தள்ளுவாள். கண்ணாடி வளையல் மணிக்கட்டைத் தாண்டி எங்கே நிற்கிறது என்று இவர் உற்றுப் பார்ப்பார். முதலில் நாலு விரல் தூரத்தில் நின்றது. ஐந்தாம் மாதத்தில் முன்னங்கை பாதி வரை போனது. மாதம் ஏற ஏறக் கை சதை பிடிக்க வேண்டும், வளையல் இறுக வேண்டும். இது எதிராகப் போய்க்கொண்டிருந்தது.

சாரிடம் சொன்னால் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். "இருபது டெய்லருக்கு ஆக்கிப் போடற வீடு. சட்டி சட்டியா வடிக்கறாங்க. அங்க சோத்துக்கா பஞ்சம்? நீ சும்மா சும்மா போயி நின்னா மரியாதை இருக்காது."

"ஆக்கிப் போடறது யாருங்க?"



ஒரு முறை குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் வந்த புதுசுல எங்கம்மாவுக்கு மாசம் ஒரு லெட்டர் போடுவேன். வயிறாரச் சாப்புடறேன்னு எல்லா லெட்டர்லயும் எழுதியிருப்பேன். எங்கம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு பத்திரமா வெச்சிருந்தாங்க. எனக்குத் தெரியாதா?" உள்ளே டிவி சத்தம் கொஞ்சம் கூடியது.

தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிட்ட பிறகு தட்டுத் தீனியில் தொல்லை வந்தது. அணில் வந்தது. கூடவே சாம்பல். அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியிலேயே சாம்பல் படியும், தட்டில் படியாதா? நான் ஒன்று செய்து தருகிறேன் என்று சொன்னேன். இரண்டு நாள் நோட்டில் அளவு போட்டு வரைந்தேன். நாலு இன்ச் பிவிசி குழாயைப் பலாமரத்தில் நிற்க வைத்துக் கட்டி, அடியில் வளைவு கொடுத்து வாய் வைத்தேன். பக்கவாட்டில் நீளமாக வெட்டி, உள்ளே தீனி எவ்வளவு என்று தெரிகிற மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக் ஒட்டி, விரல் அளவில் மார்க்கரால் கோடும் போட்டேன். சாம்பல் போகாமலிருக்க வாயில் ஒரு ரப்பர் திரை. அந்த ரப்பர், சுரங்கத்து கன்வேயர் பெல்ட். எங்கள் ஊர்களில் தேய்ந்த பெல்ட் துண்டு இல்லாத வீடு கிடையாது. வாசலில் மிதியடியாக, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக எங்கும் கிடக்கும். அதில் மேல் அடுக்கை மட்டும் உரித்து, மூன்று கீற்றாக வெட்டித் தொங்கவிட்டேன். தள்ளிப் பார்த்தேன். லேசாகத்தான் இருந்தது, என் கைக்கு.

அந்த அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கற. வாய ஏன் மூடி வெச்சிருக்குது?"

"சாம்பல் வுழாம இருக்கங்கம்மா."

"செரி. பழகட்டும்."

முதல் நாள் ஒரு குஞ்சும் கிட்டே வரவில்லை. அவர் துணி மாட்டுகிற கிளிப்பை எடுத்துவந்து ரப்பரை மேலே தூக்கி மாட்டினார். வாயின் விளிம்பில் கொஞ்சம் குருணையைச் சிந்திவிட்டார். பழைய அலுமினியத் தட்டையும் பக்கத்திலேயே வைத்தார். இரண்டு சேவல் குஞ்சுகள் மட்டும் தலையை உள்ளே விட்டன.

"ரெண்டு பழகிருச்சுங்கம்மா."

"ரெண்டு எங்கயும் பழகிக்கும்" என்றார்.

அது நடந்து நாலாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல வீடியோ கால். போனை நான்தான் பிடித்திருந்தேன்.

"வளையலைத் தள்ளு கண்ணு."

"வளையல் போடலம்மா. வேலை செய்யறப்ப இடிக்குது. கழட்டி வெச்சுட்டேன்."

ஏழாம் மாதம் நடக்கிற பெண் கையில் வளையல் இல்லை.  அந்த அம்மா அன்றைக்கு மிச்ச ஐந்து குஞ்சுகளைத் தொடாமலேயே எழுந்து போனார். நான் பார்க்க அப்படி ஒரு நாள் அதுதான்.

அவர்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவருகிற வழக்கம் உண்டு. அதற்கு மாமியார் வீட்டார் நாள் சொல்ல வேண்டும். அவர்கள் "ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம், இங்க ஆளில்லாம கஷ்டம்" என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் இவர் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கிளறித் தூக்குகளில் அடைத்துவிட்டார்.

"கூப்புடாம போறவள எவ மதிப்பா?" என்றார் சார்.

"மதிக்க வேண்டாம். அனுப்பினாப் போதும்."

கிளம்புவதற்கு முன்னால் என்னை வலைக்குள் கூப்பிட்டார். என் விரலைப் பிடித்து ஒரு குஞ்சின் நெஞ்சில் வைத்தார். "இது நெறைஞ்சது. இது நெறையாதது. நான் வர்ற வரைக்கும் தெனம் ஒம்பதையும் தொட்டுப் பாரு. கிளிப்பை எடுக்காத. தட்டையும் எடுக்காத." என் கைக்குள் அந்தக் குஞ்சின் இதயம் படபடவென்று அடித்தது. எதிர் வீட்டு டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாள் தொட்டுப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், ஒன்றரை நாள். பிடிக்கப் போனால் ஓடின, கையில் எச்சம் போட்டன. மூன்றாம் நாள் காற்று திரும்பித் தீனியில் சாம்பல் விழுந்தது. கிளிப்பை எடுத்துவிட்டேன். தட்டில் அணில் வாய் வைத்தது. தட்டையும் எடுத்துவிட்டேன். குழாயில் என்னுடைய கோடு தினமும் நாலு விரல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது குஞ்சுக்கு நாலு விரல். கணக்கு சரியாக வந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அங்கே திருப்பூரில் மாமியார் வீட்டார் மகளை அனுப்பாமல் இழுத்தடித்தார்கள். அவரும் நகராமல் அங்கேயே இருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு எனக்கு போன் வரும். குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

"எப்பிடி இருக்குதுக?"

"நல்லா தின்னுகினு இருக்குதுங்கம்மா. நாலு வெரல் எறங்குது."

"தொட்டுப் பாத்தயா?"

"பாத்தேங்கம்மா."

"கோணக்கால்?"

"நல்லா இருக்குதுங்கம்மா."

ஒரு வியாழக்கிழமை காலையில் கோணக்கால் குஞ்சு வலையோரமாகச் செத்துக் கிடந்தது. வெள்ளைக்கழிச்சல் நோய் என்று நானே முடிவு செய்து பலாமரத்துக்குப் பின்னால் புதைத்தேன். அன்று சாயங்காலம் போன் வந்தது. தொட்டுப் பாத்தயா என்றார். பாத்தேங்கம்மா என்றேன். வெளியூரில் மகளோடு போராடிக்கொண்டிருக்கிறவருக்கு ஒரு குஞ்சு செத்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. நான் வலைக்குள் கூட்டி, குழாயில் கழுத்து வரை தீனி நிரப்பி வைத்திருந்தேன். மகள் இறங்கினாள். வயிறு மட்டும் தனியாக ஒட்ட வைத்த மாதிரி இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. அந்த அம்மா பையை வாசலில் வைத்தார். கால்கூடக் கழுவவில்லை. நேராகப் பின்பக்கம் வந்து வலைக்குள் குந்தினார்.

முதலில் ஒரு சேவல் குஞ்சு. தொட்டார், விட்டார். இரண்டாவதும் சேவல். எலுமிச்சம்பழம் மாதிரி நிறைந்திருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. மூன்றாவது பெட்டை. விரல் இரைப்பையைத் தேடியது, நின்றது, கீழே நெஞ்செலும்புக்குப் போனது. அந்த எலும்பு கத்தி முனை மாதிரி துருத்தியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். பதினோரு நாளும் அதே வலைக்கு வெளியே நின்று குழாயில் கோட்டைப் பார்த்திருக்கிறேன். நாலாவதும் அப்படி. ஐந்தாவதும். எல்லாம் மடிக்குப் போய், மடி கொள்ளாமல் இறங்கின. எட்டாவதை விட்ட பிறகும் கையை நீட்டியபடி இருந்தார்.

"இன்னொண்ணு?"

"செத்துப்போச்சுங்கம்மா. வியாழக்கெழம."

"வியாழக்கெழம நீ போன்ல என்ன சொன்ன?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து குழாயின் வாயில் கையை விட்டார். ரப்பரைத் தூக்கி விட்டார். அது பட்டென்று அடித்து மூடியது. பக்கத்திலிருந்த பெட்டை துள்ளி இரண்டடி பின்னால் போனது. கீழே சேவல்கள் இறைத்த குருணை சாம்பலோடு கிடந்தது. அதில் எலிப் புழுக்கையும் இருந்தது. நாலு விரல் எங்கே போனது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வுடும்மா. அவருக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லோணும் கண்ணு. தொட்டுப் பாத்தேன்னு ஏன் சொல்லோணும்?"

பிறகு என்னிடம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவ ரெண்டு தடவ மயங்கி வுழுந்திருக்கறா தம்பி. ஒருத்தரும் சொல்லல. நல்லா சாப்புடறா, ஆக்கின சட்டி காலியாகுதுன்னுதான் போன்ல சொன்னாங்க. நான் நேர்ல பாத்துட்டு வந்தேன்."

பழைய தட்டைத் தேடி எடுத்துவந்து தவிட்டையும் குருணையையும் பிசைந்து வைத்தார். ஆறு பெட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடிவந்தன. சேவல்கள் இரண்டும் குறுக்கே பாய்ந்தன. அவர் ஒன்றை இடது கக்கத்திலும் ஒன்றை வலது கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, பெட்டைகள் தின்று முடிக்கிற வரை அப்படியே குந்தியிருந்தார். குந்தியபடியே மகளிடம் சொன்னார்: "நீயும் போயி உக்காரு. அப்பா வர்றதுக்குள்ள உக்காரு. எல்லாருக்கும் முன்னாடி சாப்புடு."

எனக்கு எங்கம்மா நினைவு வந்தது. எங்கள் வீட்டில் அவள்தான் கடைசியில் சாப்பிடுவாள். சட்டியில் என்ன மிச்சம் என்று நாங்கள் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. ரொம்பச் சின்னது. ஆஸ்பத்திரியில் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்துக்கொண்டது. பெட்டைகள் உயிரோடு இருந்தன, ஆனால் நெஞ்சில் சதை பிடிக்கவே இல்லை. "பட்டினி கெடந்ததை இவளுக்குப் போட மாட்டேன்" என்று அந்த அம்மா ஒன்றையும் அடிக்கவில்லை. சார் குள்ளஞ்சாவடியில் கோழி வாங்கிவந்தார். அது என்ன தின்று வளர்ந்ததோ. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது மாமியார் வீட்டார் காரில் பழத்தட்டோடு வந்தார்கள். "இனிமே நல்லாப் பாத்துக்கறோம்" என்றார்கள். சார் சரி என்றுவிட்டார். கிளம்பும்போது அந்த அம்மா எல்லார் முன்னாலும் மகளின் கையைப் பிடித்து, வளையலை ஒரு தடவை மேலே தள்ளிப் பார்த்தார். இப்போது அது மணிக்கட்டிலேயே இறுக்கமாக நின்றது. மாமியார் சிரித்தார். கார் போய்விட்டது. கையைப் பிடித்துப் பார்க்க இனி அவருக்கு எந்த வழியும் இல்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு மறக்காமல் இருப்பது அவர்கள் வந்திறங்கியதற்கு மறுநாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கேரியரைத் திறக்காமலேயே கொண்டுவந்தேன். பலாமரத்தில் குழாயைக் காணோம், கட்டியிருந்த கம்பி மட்டும் இருந்தது. அந்த அம்மா வழக்கம்போலப் பின்வாசலில் நின்றிருந்தார். நான் சைக்கிளை நிறுத்தினேன். கேரியர் ஹேண்டிலில், அவர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. தூக்கிப் பார்க்கட்டும், கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"சாப்புட்டயா தம்பி?"

"சாப்புட்டேங்கம்மா."

"செரி" என்று உள்ளே போனார்.

அறையைக் காலி செய்கிற வரை ஒரு நாள் தவறாமல் கேட்டார். நானும் ஒரு நாள் தவறாமல் அதே பதிலைச் சொன்னேன்.